கார்டிஃபில் இரண்டு ரக்பி அரங்கங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது நான்கு கேள்விகள் போலத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிஃபில், ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், டாஃப் ஆற்றங்கரையில் இரண்டு ரக்பி அரங்கங்கள் ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்தாற்போல நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள். பெரியது ஏறத்தாழ 74,000 பேர் அமரும் தேசிய அரங்கம். 1999இல் மில்லேனியம் ஸ்டேடியம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, 2016 முதல் பிரின்சிபாலிட்டி ஸ்டேடியம் என்று அழைக்கப்படுகிறது. சிறியது சுமார் 12,000 பேர் கொள்ளும் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க். அது நகரின் மண்டல அணியான கார்டிஃப் ரக்பியின் சொந்தக் களம். பெரிய அரங்கின் மூன்று பக்கங்களும் ஓங்கி எழுந்து நிற்க, வடக்குப் பக்கம் மட்டும் பாதியில் நின்றுபோனதுபோல் இருப்பது ஏன், அது பொறியாளர்களின் தவறா, சிறிய அரங்கை இடித்துவிட்டு எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டியிருக்கக் கூடாதா, இனியாவது சிறியது புதுப்பிக்கப்படுமா என்று கேட்கிறீர்கள். ஓர் அரங்கத்தின் வடிவத்தைக் கடைசியில் யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே இதன் உட்பொருள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் கட்டமைப்புப் பொறியாளன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, பார்வையாளர் மாடங்களின் உறுதியைச் சோதிப்பதும் பழைய மாடங்களைப் புதியவற்றோடு இணைப்பதுமே என் பிழைப்பு. அந்த அனுபவத்திலிருந்து முதலிலேயே சொல்லிவிடலாம்: அந்த வடக்குப் பக்கத்தின் குறை பொறியியல் தவறு அன்று, அது ஒரு நிலத்தகராறின் தடம். நம் ஊரில் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட வீட்டில், ஒருவர் மட்டும் இடித்து மாடி கட்டும்போது நடுச்சுவர் மட்டும் பழைய செங்கல்லாகவே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதுதான் இங்கும் நடந்தது. கட்டுமானத்தைப் பற்றி நான் உறுதியோடு பேச முடியும். பத்திரங்களின் சட்டப் பொருளைப் பற்றிப் பேசும் இடங்களில் மட்டும், வழக்கறிஞன் அல்லாத ஒருவன் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலத்திலிருந்து தொடங்குவோம். அந்த இடத்தின் பழைய பெயர் கிரேட் பார்க். பெயரில் பூங்கா இருந்தாலும் அது கார்டிஃப் ஆர்ம்ஸ் என்ற விடுதியின் பின்புறத்தில் கிடந்த சதுப்பான புல்வெளிதான். விடுதியின் பெயரே பின்னாளில் மைதானத்துக்கும் ஒட்டிக்கொண்டது. விடுதி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1850ஐ ஒட்டி, தெற்கு வேல்ஸ் ரயில்பாதையை அமைத்த பொறியாளர் புரூனல், நிலையத்துக்கு உறுதியான நிலம் வேண்டும் என்பதற்காக டாஃப் ஆற்றின் போக்கையே மேற்கே தள்ளித் திருப்பினார். இன்று அரங்கத்தின் மேற்குச் சுவரையொட்டி ஆறு ஓடுவதும், அந்தப் பக்கம் ஓரடிகூட விரிவடைய முடியாமல் இருப்பதும் அந்தத் திருப்பத்தால் வந்தவை. கிழக்கே வெஸ்ட்கேட் வீதி. ஆக, இரண்டு பக்கம் ஏற்கெனவே அடைபட்ட நிலம் அது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்தவற்றில் பாதிக்கு இதுவே காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நிலம் ப்யூட் பிரபுக் குடும்பத்தின் உடைமை. கார்டிஃபின் துறைமுகத்தைக் கட்டி, நிலக்கரி ஏற்றுமதியால் பெருஞ்செல்வம் சேர்த்த குடும்பம் அது. மூன்றாம் ப்யூட் பிரபு, இந்த வெளியைப் பொழுதுபோக்குக்கும் விளையாட்டுக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை விதித்ததாக எல்லா வரலாறுகளும் ஒரே குரலில் சொல்கின்றன. 1848 வாக்கில் கிரிக்கெட் சங்கம் அங்கே ஆடத் தொடங்கியது; 1876இல் கார்டிஃப் ரக்பி சங்கம் தோன்றியது. வடக்குப் பாதி கிரிக்கெட்டுக்கு, தெற்குப் பாதி ரக்பிக்கு என்ற பிரிவு மெல்ல நிலைபெற்றது. அன்று அது இரண்டு விளையாட்டுகளுக்கு இடையே ஓடிய ஒரு கோடு மட்டுமே. அந்தக் கோடுதான் பிறகு சுவராகவும், அதற்கும் பிறகு இரண்டு அரங்கங்களின் பொது முதுகாகவும் வளர்ந்தது.

முதல் பார்வையாளர் மாடம் 1881–82இல் வந்தது. 300 பேர் அமரக்கூடியது, செலவு 50 பவுண்டு. புகழ்பெற்ற அரங்கக் கட்டடக் கலைஞர் ஆர்ச்சிபால்ட் லீச் அதை வடிவமைத்தார் என்று பல இணையப் பக்கங்களில் எழுதியிருக்கிறது. லீச் 1865இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அந்த மாடம் எழுந்தபோது அவருக்குப் பதினாறு வயது. ஆகவே அந்தத் தகவலை நான் நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். 1884 ஏப்ரல் 12 அன்று வேல்ஸ் அணி அயர்லாந்தை எதிர்த்து அங்கே தன் முதல் பன்னாட்டு ஆட்டத்தை ஆடியது என்பது உறுதியான செய்தி. 1890இல் களத்தின் முழு நீளத்துக்கும் நின்று பார்க்கும் தளங்கள் எழுந்தன. 1905 டிசம்பர் 16 அன்று, அதுவரை தோல்வியே காணாமல் சுற்றுப்பயணம் செய்துவந்த நியூசிலாந்தை வேல்ஸ் 3–0 என்று வீழ்த்தியது. டெடி மார்கன் வைத்த ஒரே ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது) வெற்றியைத் தந்தது. நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தாரா இல்லையா என்பதை நூறாண்டு கடந்தும் இரு நாட்டாரும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு மாலைதான் சதுப்பு நிலத்தை வேல்ஸ் மக்களின் உணர்வில் கோயில் மனைபோல ஆக்கியது. 'வேறு ஊருக்குப் போய்விடலாம்' என்ற பேச்சு பின்னர் எழுந்தபோதெல்லாம் அது எடுபடாமல் போனதற்கு இந்த உணர்வும் ஒரு காரணம்.

1912இல் கூரையிட்ட தெற்கு மாடம் வந்தது, கொள்ளளவு 43,000 ஆனது. கட்டுமானச் செலவின் ஒரு பங்கை, நாட்டின் ரக்பியை நிர்வகிக்கும் வேல்ஸ் ரக்பி யூனியன் ஏற்றது என்பதைக் கவனியுங்கள். நிலம் பிரபுவுக்கு, களம் சங்கத்துக்கு, மாடத்தில் யூனியனின் பணம்: மூன்று கை ஒரு பாத்திரத்தில் விழத் தொடங்கியது அங்கேதான். 1922இல் நான்காம் ப்யூட் பிரபு மொத்த இடத்தையும் விற்றார். கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க் கம்பெனி என்ற நிறுவனம் 30,000 பவுண்டுக்கு அதை வாங்கி, கிரிக்கெட், ரக்பி இரண்டு பிரிவுகளையும் கொண்ட கார்டிஃப் அத்லெடிக் கிளப்புக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு வாடகையில் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. இந்த அத்லெடிக் கிளப்பின் பெயரை மறந்துவிடாதீர்கள். ரக்பி அணி, மண்டல அணி, தேசிய யூனியன் என்று பத்திரிகைகளில் எத்தனை பெயர்கள் அடிபட்டாலும், சிறிய அரங்கத்தின் நிலம் இன்றுவரை இந்தக் கிளப்பின் பிடியில்தான் இருக்கிறது.

1934இல் கிரிக்கெட்காரர்களின் பெவிலியனை இடித்துவிட்டு, இரண்டடுக்கு வடக்கு மாடம் ஒன்றைச் சுமார் 20,000 பவுண்டு செலவில் கட்டினார்கள். ரக்பி, கோட்டைத் தாண்டிக் கிரிக்கெட்டின் பக்கம் காலை வைத்த முதல் சந்தர்ப்பம் அது. ஏழே ஆண்டுகளில், 1941 ஜனவரியில் ஜெர்மானிய விமானங்கள் கார்டிஃபைக் குண்டு வீசித் தாக்கியபோது அந்த வடக்கு மாடமும் மேற்குத் தளத்தின் ஒரு பகுதியும் பலத்த சேதமடைந்தன. போருக்குப் பிறகு பழுது பார்த்து ஓட்டினார்கள்.

அடுத்த திருப்பம் 1950களில் வந்தது. அதுவரை வேல்ஸின் பன்னாட்டு ஆட்டங்கள் கார்டிஃபுக்கும் ஸ்வான்ஸி நகரத்தின் செயின்ட் ஹெலன்ஸ் மைதானத்துக்கும் மாறி மாறி நடந்துவந்தன. 1953இல் யூனியன், ஸ்வான்ஸியில் வசதிகள் மேம்படும்வரை ஆட்டங்கள் எல்லாம் கார்டிஃபிலேயே நடக்கட்டும் என்று முடிவெடுத்தது. புதிய தெற்கு மாடத்துக்கு 60,000 பவுண்டு என்று மதிப்பிட்டிருந்தார்கள், ஒப்பந்தப்புள்ளி 90,000 பவுண்டுக்கு வந்தது. மதிப்பீட்டில் ஒன்றரை மடங்கு. என் தொழிலில் இது எந்தக் காலத்திலும் புதுமை இல்லை. ஆகவே முழு மாடத்தை விட்டுவிட்டு, ஏற்கெனவே இருந்ததன் மேல் ஓர் அடுக்கை மட்டும் 64,000 பவுண்டில் ஏற்றி 1956இல் முடித்தார்கள். கொள்ளளவு 60,000 ஆனது; 1958இல் காமன்வெல்த் விளையாட்டுகள் அங்கே நடந்தன.

ஆட்களுக்கு இடம் கிடைத்தது, ஆனால் களம் சேறாகவே இருந்தது. கார்டிஃப் சங்கத்தின் அணிகள் வாரந்தோறும் ஆடி மிதித்த அதே புல்லில்தான் தேசிய அணியும் ஆட வேண்டியிருந்தது. 1960 டிசம்பர் 3 அன்று கொட்டும் மழையில், யார் எந்த அணி என்று அடையாளம் தெரியாத சேற்றில் தென்னாப்பிரிக்கா 3–0 என்று வென்றது. மறுநாள் டாஃப் ஆறு கரை புரண்டு மைதானத்தையே மூழ்கடித்தது. புரூனல் தள்ளிவிட்ட ஆறு பழைய வழிக்கே திரும்பி வந்ததுபோல் இருந்தது. தேசிய ஆட்டத்துக்கென்று தனியாக, வேறு யாரும் மிதிக்காத களம் வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு வலுத்தது.

யூனியன் முதலில் கார்டிஃபை விட்டே போகப் பார்த்தது. பிரிட்ஜெண்ட் ஊரருகே ஐலண்ட் ஃபார்ம் என்ற இடத்தில் பிரமாண்டமான புதிய அரங்கம் கட்டும் யோசனை இருந்தது. (அந்த இடத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு: இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியக் கைதிகள் முகாமாக இருந்த அதே பண்ணையிலிருந்துதான் 1945 மார்ச்சில் பல கைதிகள் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள்.) 1964இல் கிளாமர்கன் மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்ததும் அந்த யோசனை முடிந்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், நடந்தே வரக்கூடிய இடத்தில் அரங்கம் இருப்பதன் அருமையை இன்று எல்லாரும் புகழ்கிறார்கள். ஓர் அனுமதி மறுப்பால் கிடைத்த அருமை அது.

வேறு வழி அடைபட்ட பிறகு பாகப்பிரிவினை நடந்தது. 1966 ஆகஸ்டில் கடைசிக் கிரிக்கெட் ஆட்டம் முடிந்ததும் கிரிக்கெட்காரர்கள் ஆற்றுக்கு மேல்பக்கமாகச் சிறிது தொலைவிலுள்ள சோஃபியா கார்டன்ஸுக்குப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன வடக்குப் பாதியில் கார்டிஃப் ரக்பி சங்கத்துக்குப் புதிய களம். தெற்குப் பாதியில் யூனியனுக்குத் தேசிய அரங்கம். 1968 ஜூலையில் தெற்குப் பாதியின் முழு உரிமையும் யூனியனுக்கு மாற்றித் தரப்பட்டது. உங்கள் கேள்விக்கான விடை இந்த மாற்றத்துக்குள்தான் இருக்கிறது. இரண்டு களங்களும் கிழக்கு மேற்காக, ஒன்றுக்கொன்று இணையாகக் கிடந்தன. தேசிய அரங்கின் வடக்கு மாடமும் சங்கத்தின் தெற்கு மாடமும் ஒரே நீளக் கோட்டில், ஒன்று தெற்கு நோக்கியும் ஒன்று வடக்கு நோக்கியும் முதுகு சேர்த்து எழுந்தன. இடம் நெருக்கடியான நகரத்தில் இது சிக்கனமான, புத்திசாலித்தனமான ஏற்பாடு. இரண்டு மாடங்களின் பாரத்தையும் அடுத்தடுத்து இறக்கிவிட முடியும். நடுவே வீணாகும் சந்து இல்லை. அன்று நான் அந்த மேசையில் இருந்திருந்தாலும் இதையேதான் பரிந்துரைத்திருப்பேன். ஒரே ஒரு குறை: இனி ஒருவர் தன் மாடத்தை அசைக்க வேண்டுமானால் மற்றவரின் ஒப்புதல் வேண்டும்.

தேசிய அரங்கம் பகுதி பகுதியாகவே எழுந்தது. வடக்கு மாடம் 1970ஐ ஒட்டி முடிந்தது. மற்றப் பக்கங்கள் கையில் பணம் சேரச் சேர வளர்ந்தன. முறைப்படியான திறப்பு 1984 ஏப்ரல் 7 அன்றுதான் நடந்தது. மொத்தச் செலவு சுமார் 90 லட்சம் பவுண்டு. 1973 ஜனவரி 27 அன்று பல நாட்டு வீரர்களை அழைத்துச் சேர்க்கும் பார்பேரியன்ஸ் அணிக்காக கேரத் எட்வர்ட்ஸ் நியூசிலாந்துக்கு எதிராக வைத்த ட்ரையை இன்றும் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் காட்டுகிறார்களே, அந்தக் காட்சி பாதி கட்டிய இந்த அரங்கில் நடந்ததுதான்.

திறந்து பத்தாண்டு ஆவதற்குள் அது பழசாகிவிட்டது. 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸிலும் 1989இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோவிலும் கூட்ட நெரிசலில் ஏற்பட்ட உயிரிழப்புகள், பிரிட்டனில் அரங்கங்களைப் பற்றிய சிந்தனையையே மாற்றின. பாதுகாப்புக் காரணங்களுக்காக, 65,000 பேர் கொண்ட கார்டிஃப் அரங்கில் 53,000 பேருக்குத்தான் இடம் என்று ஆனது. அதே சமயத்தில் லண்டனில் ட்விக்கனம் 75,000ஐ எட்டியது, பாரிஸில் 80,000 பேருக்கான புதிய அரங்கம் எழத் தொடங்கியது. 1999 உலகக் கோப்பையை நடத்தும் உரிமை வேல்ஸுக்குக் கிடைத்தபோது, இறுதி ஆட்டத்தை நடத்தத் தகுதியான அரங்கம் அந்த நாட்டில் இல்லை. இருந்ததன் மேலேயே மூன்றாவது அடுக்கு ஏற்றலாம் என்ற யோசனையும் வேறிடம் போகலாம் என்ற பழைய யோசனையும் மீண்டும் எழுந்து அடங்கின.

தேர்ந்தெடுத்த வழி சற்றுத் துணிச்சலானது: களத்தையே தொண்ணூறு பாகை திருப்புவது. கிழக்கு மேற்காகக் கிடந்த களத்தைத் தெற்கு வடக்காக வைத்தால், நீளமான இரண்டு பெரிய மாடங்களும் ஆற்றுப் பக்கமும் வீதிப் பக்கமும் வரும். தெற்கே இடம் தேவைப்படும். அந்தத் தெற்குப் பகுதியில் 1958 விளையாட்டுகளுக்காகக் கட்டிய எம்பயர் நீச்சல்குளம் இருந்தது; அதை இடித்தார்கள். நகரத்தின் தலைமுறைகள் நீந்தப் பழகிய குளம் அது, வருத்தப்பட்டவர்கள் பலர். இப்படித் திருப்பியதில், இதுவரை களத்தின் பக்கவாட்டில் இருந்த வடக்கு மாடம், புதிய அமைப்பில் கோல் கம்பங்களுக்குப் பின்னால் வரும் முனை மாடமாக மாறிவிட்டது. அதை இடித்துவிட்டு மற்ற மூன்று பக்கங்களைப் போல உயர்த்தியிருந்தால் கிண்ணம் முழுமையாகியிருக்கும். இடிக்க வேண்டுமானால் அதன் முதுகில் ஒட்டிய சங்கத்தின் தெற்கு மாடத்தையும் தொட வேண்டும். தொட முடியவில்லை. எனவே பழைய தேசிய அரங்கின் காங்கிரீட் வடக்கு மாடத்தின் ஒரு பகுதி அப்படியே நின்றுவிட, புதிய கிண்ணம் அதன் மேல் வந்து முறிந்து நிற்கிறது. அந்த முறிவுக்கு ஊர்மக்கள் வைத்த பெயர் 'கிளான்மரின் இடைவெளி'. அப்போது யூனியனின் தலைவராக இருந்த கிளான்மர் கிரிஃபித்ஸின் பெயரால் வந்த கேலிப்பெயர்.

ஏன் தொட முடியவில்லை என்பதில்தான் கதைகள் பிரிகின்றன. யூனியனின் பக்கம் நின்று பேசுபவர்கள், பேச்சுவார்த்தை நடத்தியும் கார்டிஃப் சங்கம் இடம் கொடுக்க மறுத்துவிட்டது என்பார்கள். சங்கத்தின் பக்கம் நிற்பவர்கள், எங்களை எழுப்பிவிட்டு எங்கே உட்கார வைப்பதாக இருந்தீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டுக்கும் அடியில் ஆவணப்பூர்வமான ஒரு காரணம் உண்டு: அரங்கத்துக்கு 4.6 கோடி பவுண்டு கொடுத்த மில்லேனியம் ஆணையம் (புத்தாயிரமாண்டுத் திட்டங்களுக்கு லாட்டரிப் பணத்தைப் பகிர்ந்தளித்த பொது அமைப்பு), அந்தப் பணத்தில் ஒரு பைசாகூடக் கார்டிஃப் சங்கத்துக்குப் புதிய களம் கட்டித் தரச் செலவாகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தது; யூனியனிடம் அதற்கான சொந்தப் பணமும் இல்லை. மாற்று வீடு கட்டித் தராமல் பங்காளியை வெளியேறச் சொன்னால் எவர்தான் சம்மதிப்பார்? ஆகவே 'பிடிவாதம்' என்ற விளக்கத்தைவிடப் 'பணமும் காலமும் போதவில்லை' என்ற விளக்கத்துக்கே நான் கூடுதல் எடை கொடுப்பேன். இது என் மதிப்பீடு மட்டுமே. உலகக் கோப்பையின் தேதி நகராது என்பதை அறிந்த எந்தத் திட்ட மேலாளரும், முடிவில்லாத நிலப் பேச்சுவார்த்தையை விட்டுவிட்டு, இருக்கும் சுவரோடு சமரசம் செய்துகொள்ளவே விரும்புவார்.

காலம் எவ்வளவு நெருக்கியது என்பதற்குச் சான்று வேண்டுமா? பழைய அரங்கில் கடைசி ஆட்டம் 1997 ஏப்ரல் 26 அன்று, கார்டிஃபுக்கும் ஸ்வான்ஸிக்கும் இடையிலான கோப்பை இறுதி. புதிய அரங்கில் முதல் ஆட்டம் 1999 ஜூன் 26 அன்று. வேலை முடியாத மாடங்கள் மூடிக்கிடக்க, வேல்ஸ் தன் வரலாற்றில் முதன்முறையாகத் தென்னாப்பிரிக்காவை 29–19 என்று தோற்கடித்தது. இடையில் வெறும் இருபத்தாறு மாதங்கள். அதற்குள் இடிப்பு, அடித்தளம், மூன்றடுக்கு மாடங்கள், இருபது நிமிடத்தில் மூடித் திறக்கும் நகரும் கூரை எல்லாம். மொத்தச் செலவு சுமார் 12.1 கோடி பவுண்டு என்பார்கள். செலவு கூடினாலும் மேலே கேட்க முடியாத உச்சவரம்பு விலைக்கு ஒப்புக்கொண்டு வேலை எடுத்த ஜான் லேங் நிறுவனம் கோடிக்கணக்கான பவுண்டு நட்டப்பட்டது. 2001இல் அதன் கட்டுமானப் பிரிவு ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியதற்கு இந்த நட்டமும் ஒரு காரணம். எங்கள் தொழிலில் புதிதாக வருபவர்களுக்கு உச்சவரம்பு ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லித்தரும்போது நான் இன்றும் எடுத்துக்காட்டுவது இந்த அரங்கத்தைத்தான். கூரையால் புல்லுக்கு வெயிலும் காற்றும் போதாமல் போனது இன்னொரு தலைவலி. முதலில் 7,000க்கும் மேற்பட்ட தட்டுகளில் புல்லை வளர்த்து அடுக்கிப் பார்த்தார்கள். 2014இல் அதைக் கைவிட்டு, இயற்கைப் புல்லோடு செயற்கை இழைகளைத் தைத்த தரைக்கு மாறினார்கள்.

இனி சிறிய அரங்கம். 2003இல் வேல்ஸ் ரக்பி, பழைய சங்கங்களுக்கு மேலே ஐந்து மண்டல அணிகளை உருவாக்கியது. அடுத்த ஆண்டே ஒன்று கலைக்கப்பட்டு நான்கானது. கார்டிஃப் அணி கார்டிஃப் ப்ளூஸ் என்ற பெயரில் ஆர்ம்ஸ் பார்க்கிலேயே தொடர்ந்தது. 2009இல் நகரின் கால்பந்து அணிக்காகக் கட்டிய புதிய கார்டிஃப் சிட்டி ஸ்டேடியத்துக்கு, நீண்ட கால ஒப்பந்தம் போட்டுக்கொண்டு குடிபோனார்கள். 26,000க்கும் மேற்பட்ட இருக்கைகள், நல்ல வசதி, புதிய கழிப்பறைகள். ஆனால் ஆட்டத்தின் சத்தம் காலி நாற்காலிகளில் மோதிக் கரைந்தது, ரசிகர்களுக்கு மனம் ஒட்டவில்லை. 2012இல் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். 2013இல் புல்லை எடுத்துவிட்டுச் செயற்கைத் தரை போட்டார்கள். சேற்றுக்காகவே பாகம் பிரிந்த நிலத்தில் இன்று பிளாஸ்டிக் புல் கிடக்கிறது.

மறுகட்டுமானத் திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. 2010களின் பிற்பகுதியில், சுமார் 15,000 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கத்தோடு தங்கும் விடுதி, குடியிருப்பு, அலுவலகங்கள் என்று பெரிய வரைபடம் ஒன்று வெளியிடப்பட்டது. நடுநகரத்தில், ஆற்றங்கரையில், கோட்டைக்குப் பக்கத்திலுள்ள நிலம் என்பதால் வணிகக் கணக்கு அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் அணி குத்தகைதாரர், நிலம் அத்லெடிக் கிளப்புடையது, அந்தக் கிளப்போ ஹாக்கி, டென்னிஸ், புல்தரைப் பந்து என்று வேறு பிரிவுகளையும் கொண்ட உறுப்பினர் சங்கம். நூறாண்டுக்கு மேல் நீளும் குத்தகை கையில் இல்லாமல் எந்த முதலீட்டாளரும் பணம் இறக்க மாட்டார். உறுப்பினர்களோ தம் தாத்தா காலத்துச் சொத்தின் மேல் அடுக்குமாடி எழுவதற்கு எளிதில் கையெழுத்துப் போட மாட்டார்கள். ப்யூட் பிரபுவின் 'விளையாட்டுக்கு மட்டும்' நிபந்தனை இன்னும் உயிரோடு இருப்பதால் எதுவுமே கட்ட முடியாது என்று சிலர் அடித்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 1922 விற்பனைக்கும் 1968 உரிமை மாற்றத்துக்கும் பிறகு அந்த நிபந்தனையின் பலம் என்ன என்பது பத்திரங்களைப் படித்துச் சொல்ல வேண்டிய சட்டக் கேள்வி. என் எல்லை அங்கே முடிகிறது. நிபந்தனையே இல்லாவிட்டாலும் குத்தகைச் சிக்கல் ஒன்றே போதும் என்பதை மட்டும் அனுபவத்தால் சொல்வேன். 2025 ஏப்ரலில் கார்டிஃப் ரக்பி நிதி நெருக்கடியில் திவால் நிர்வாகத்துக்குள் போய், வேல்ஸ் ரக்பி யூனியனே அணியை வாங்க நேர்ந்தது. சுவரின் இரு பக்கமும் ஆடும் அணிகள் ஒரே கைக்கு வந்தன, ஆனால் வடக்குப் பக்க நிலம் மட்டும் அந்தக் கைக்கு வரவில்லை.

பொறியியல் நோக்கில் கேட்டால், இடைவெளியை நிரப்புவது கடினமான வேலை இல்லை. பழைய வடக்கு மாடத்தை நீக்கிவிட்டுப் புதியதை எழுப்பும்போது, ஆட்டம் இல்லாத கோடை மாதங்களாகப் பார்த்து இரண்டு மூன்று கட்டங்களாகச் செய்யலாம். கூரையைத் தாங்கும் நான்கு மூலைக் கம்பங்களையும் தொட வேண்டியதில்லை என்பது என் கணிப்பு. வரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வதில்லை என்பதால் கணிப்பு என்கிறேன். ஆனால் கிடைக்கும் கூடுதல் இருக்கைகள் சில ஆயிரம்தான் இருக்கும். அதற்காகச் சங்கத்தின் தெற்கு மாடத்தையும் சேர்த்து இடித்துக் கட்டிக்கொடுக்கும் செலவைப் போட்டுப் பார்த்தால், ஓர் இருக்கைக்கு ஆகும் தொகை எந்தக் கணக்கருக்கும் உறக்கம் வராத அளவுக்குப் போகும். எனவே சிறிய அரங்கம் முழுவதுமாகப் புதுப்பிக்கப்படும் நாளில், அதன் ஒரு துணை வேலையாக மட்டுமே பெரியதன் இடைவெளி அடைபடும் என்று எதிர்பார்க்கிறேன். தனியாக அதற்கென்று யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

அடுத்த முறை கார்டிஃப் போனால், ஆட்டம் இல்லாத நாளில் சுற்றிக்காட்டும் பயணச்சீட்டு வாங்கிப் பெரிய அரங்கின் உள்ளே போங்கள். தெற்கு முனையில் நின்று வடக்கே பார்த்தால், மேலடுக்குகள் இரு பக்கமும் வளைந்து வந்து சட்டென்று நின்றுவிடும் இடமும், அதற்குக் கீழே வேறு காலத்துக் காங்கிரீட்டும் தெரியும். பிறகு வெளியே வந்து வெஸ்ட்கேட் வீதி வழியாகச் சிறிய அரங்கின் வாசலுக்குப் போய், உள்ளே விட்டால் வடக்கு மாடத்தில் ஏறி உட்காருங்கள். எதிரே சங்கத்தின் தெற்கு மாடம் தாழ்வாக இருக்கும். அதன் தலைக்கு மேல், அதே சுவரின் மறுபக்கத்திலிருந்து, பெரிய அரங்கின் வெள்ளைக் கம்பங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.